காற்று வீசும்போதும் சில காற்றாடிகள் நிற்பது ஏன்?

ஆடி மாதத்தில் நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி பக்கம் வந்ததும் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஜன்னலைத் திறக்க முடியாத அளவுக்குக் காற்று. சாலையின் இருபுறமும் நூற்றுக்கணக்கில் காற்றாடிகள். பெரும்பாலானவை சுற்றுகின்றன, நடுநடுவே சில மட்டும் அசையாமல் நிற்கின்றன. அதே வாரம் செய்தித்தாளில் இரண்டு செய்திகள் வரும். காற்றாலை மின்சாரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒன்று. மாலை நேரத் தேவைக்கு வெளியில் மின்சாரம் வாங்கப்படுகிறது என்று இன்னொன்று. கையில் இருப்பதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்து வெளியில் வாங்குவானேன் என்று படிப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வேலை நிமித்தமாக மூன்று நாள் முப்பந்தல், கயத்தாறு, கமுதி என்று சுற்றி, காற்றாலையும் சூரிய மின்சாரமும் எப்படி உற்பத்தியாகின்றன என்று பார்த்து வந்தேன். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது, குழப்பமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அடிப்படையில் இருந்து தொடங்க வேண்டும்.

மெகாவாட் வேறு, யூனிட் வேறு

செய்திகளில் அதிகம் குழப்புவது இந்த இரண்டு சொற்கள்தான். மெகாவாட் என்பது குழாயின் பருமன் மாதிரி. யூனிட் என்பது குடத்தில் சேர்ந்த தண்ணீர். 1 கிலோவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 1 யூனிட். 1 மெகாவாட் இயந்திரம் அதே ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட். பெரிய குழாய் போட்டிருக்கிறோம் என்பதற்காகக் குடம் நிறைந்துவிடாது, தண்ணீர் வர வேண்டும்.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 2023-இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அத்தனையும் ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 24 கோடி யூனிட் வர வேண்டும். அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட்டைத் தொட்டபோது அது சாதனை என்று எழுதினார்கள். சாதனை நாளிலேயே, நிறுவியிருக்கும் திறனில் கிட்டத்தட்ட பாதிதான். மார்கழி, தை மாதங்களில் சில நாள் மொத்த மாநிலத்துக் காற்றாடிகளும் சேர்ந்து சில நூறு மெகாவாட் கொடுத்தாலே பெரிது.

தேவை எப்போது உச்சத்துக்குப் போகிறது? 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சித்திரை வெயில், ஊரெல்லாம் ஏசி. ஆனால் காற்று சீசன் அப்போது இன்னும் சரியாகத் தொடங்கியிருக்காது. காற்று பலமாக வீசும் ஆனி, ஆடியில் வெயிலின் கடுமை குறைந்திருக்கும், தேவையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். மீதிக் கதையெல்லாம் இந்தப் பொருந்தாமையில் இருந்துதான் கிளம்புகிறது.

ஏன் சில இடங்களில் மட்டும் இவ்வளவு காற்று?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. மலை இடைவெளி விட்டிருக்கும் இடங்களில் அது புகுந்து இந்தப் பக்கம் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம். கம்பம் வழியாக வருவது தேனிக்கு. செங்கோட்டை வழியாக வருவது தென்காசி, கயத்தாறு வரைக்கும். ஆரல்வாய்மொழி வழியாக வருவது முப்பந்தலுக்கு. அகலமான ஆறு குறுகலான இடத்தில் வேகம் பிடிப்பது போலத்தான் காற்றும். கிழக்கே வெயிலில் காய்ந்து சூடேறிய சமவெளி அதை இன்னும் இழுக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் சொலவடையாகச் சொல்வதில்லை. தகரக் கூரையைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர்கள் அவர்கள்.

காற்றின் வேகத்துக்கும் கிடைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல நேரானது கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் உள்ள சக்தி எட்டு மடங்காகிறது. முப்பந்தலில் ஒரு 2 மெகாவாட் காற்றாடியின் அடிக்கதவைத் திறந்து உள்ளே போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான் இடம். மேலே இருட்டுக்குள் ஏறிப் போகும் இரும்பு ஏணி, கிரீஸ் வாசனை, கோபுரச் சுவர் முழுக்க ஒரு அடித்தொண்டை ரீங்காரம். சுவரோரம் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் சின்னத் திரையில் காற்று 9.1, உற்பத்தி 1,120 கிலோவாட் என்று இருந்தது. ஒரு வீச்சு வந்தது. காற்று 10.0 ஆனது, உற்பத்தி கொஞ்ச நேரத்தில் 1,480-ஐத் தாண்டியது. அந்த 9.1, 10 எல்லாம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கு. வேகம் பத்தில் ஒரு பங்கு கூடியதற்கு மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. திரும்ப இறங்கவும் அதே வேகம்தான். பல ஆயிரம் காற்றாடிகளுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். சென்னையில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பங்கிடுகிறவர்களின் தலைவலி புரியும்.

காற்றில் இருப்பது முழுவதையும் எடுத்துவிடவும் முடியாது. முழுதாக எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்த காற்று வர வழியிருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

காற்றாடியில் இருந்து கம்பி வரைக்கும்

1. இறக்கைகள் நிமிடத்துக்கு 12 முதல் 18 சுற்று வரை மெதுவாகச் சுற்றுகின்றன. மேலே இருக்கும் கியர்பாக்ஸ் அதை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் மேலாக மாற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது.

2. ஜெனரேட்டரில் இருந்து பெரும்பாலும் 690 வோல்ட்டில் மின்சாரம் வருகிறது. இந்த அழுத்தத்தில் தூரம் அனுப்பினால் கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். அதனால் கோபுரத்தின் காலடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 33,000 வோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது.

3. அந்தப் பகுதிக் காற்றாடிகளின் கம்பிகளெல்லாம் ஒரு துணைமின் நிலையத்தில் சேர்கின்றன. அங்கே 1,10,000 அல்லது 2,30,000 வோல்ட்.

4. பெரிய அளவில் வடக்கே அனுப்ப 4,00,000 வோல்ட் தடம் வேண்டும். கயத்தாற்றில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது.

காற்றாடியை ஊன்ற சில மாதம் போதும். உயரழுத்தத் தடம் போட, ஒவ்வொரு கோபுரத்துக்கும் நிலம் கேட்டு, வழக்கு முடிந்து, கம்பி இழுக்கப் பல வருடம் ஆகும். தமிழ்நாட்டில் வெகுகாலம் காற்றாடிகள் முன்னால் ஓடின, கம்பி பின்னால் நடந்து வந்தது. ஜெர்மன் கடனுதவியோடு வந்த பசுமை மின் வழித்தடத் திட்டம் அந்த இடைவெளியை ஓரளவு குறைத்திருக்கிறது.

நிற்கும் காற்றாடி: ஐந்து காரணங்கள்

1. காற்று போதவில்லை. நொடிக்கு 3 மீட்டருக்கும் கீழே என்றால் உற்பத்தி தொடங்காது. பக்கத்துக் காற்றாடி சுற்றுகிறதே என்று கேட்கலாம். உயரம் 30 மீட்டர் உள்ளதும் 120 மீட்டர் உள்ளதும் ஒரே காட்டில் நிற்கின்றன. இரண்டுக்கும் கிடைக்கும் காற்று ஒன்றல்ல.

2. காற்று அளவுக்கு மீறிவிட்டது. நொடிக்கு 25 மீட்டர் போல வந்தால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும்.

3. பழுது, அல்லது பராமரிப்பு. சீசனில் நின்றால் வருமானம் போகும் என்பதால் பங்குனிக்குள் இந்த வேலைகளை முடிக்கப் பார்ப்பார்கள். ஆனாலும் கியர்பாக்ஸ் நாள் பார்த்து உடைவதில்லை.

4. கம்பியில் கரண்ட் இல்லை. இதுதான் பலருக்கு ஆச்சரியம் தரும். காற்றாடிதானே கரண்ட் கொடுக்கிறது, அதற்கு எதற்குக் கரண்ட்? பழைய காற்றாடிகளில் இருக்கும் ஜெனரேட்டர், மின்தொகுப்பில் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையில்) இருந்து காந்தப் புலத்துக்கான மின்னோட்டத்தை வாங்கித்தான் வேலை செய்ய முடியும். லைன் போனால் அதுவும் படுத்துவிடும். வீட்டு மாடியில் போட்ட சோலாரும் கரண்ட் போனதும் நிற்பதற்குக் காரணம் வேறு. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

5. நிறுத்தச் சொல்லி உத்தரவு. மாநில மின்சுமை பகிர்வு மையத்தில் இருந்து துணைமின் நிலையத்துக்கு போன் வரும், இத்தனை மெகாவாட்டைக் குறை என்று. களத்தில் இதற்கு 'பேக் டவுன்' என்று பெயர். செய்தியில் வருவது இதுதான்.

நிற்கும் காற்றாடியை நீங்களே கொஞ்சம் படிக்கலாம். புதிய காற்றாடி என்றால் இறக்கைகள் திரும்பி, கத்தி மாதிரி விளிம்பை மட்டும் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். பழைய சிறிய காற்றாடிகள் பலவற்றில் முழு இறக்கை திரும்பாது, நுனி மட்டும் குறுக்காகத் திரும்பியிருக்கும். அதுதான் அதன் பிரேக். சாலையில் இருந்தே அந்த மடங்கிய நுனி தெரியும். ஏன் நிறுத்தினார்கள் என்பது தெரியாது, தானாக நிற்கவில்லை, நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

50 என்ற எண்

நிறுத்தச் சொல்லும் உத்தரவு எதற்கு? மின்தொகுப்பில் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை. இந்த நொடி உற்பத்தியாவது இந்த நொடியே செலவாக வேண்டும். இரண்டும் சமமாக இருக்கிறதா என்று காட்டும் முள்தான் அதிர்வெண். இந்தியாவில் அது நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. உற்பத்தி கூடினால் முள் ஏறும், தேவை கூடினால் இறங்கும். அளவு மீறினால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் துண்டித்துக்கொள்ளும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியது நினைவிருக்கும். தடங்களில் அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடி, ஒன்று துண்டிக்க அடுத்தது துண்டிக்க, 60 கோடிப் பேருக்கு மேல் மின்சாரம் இழந்தார்கள். அப்போது தென்மாநிலத் தொகுப்பு வடக்கோடு ஒரே லயத்தில் இணைக்கப்பட்டிருக்கவில்லை, அதனால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் கடைசி நாளில்தான் ராய்ச்சூர் - சோலாப்பூர் தடம் வழியாக அந்த இணைப்பு வந்தது.

இப்போது ஆனி மாதத்து நள்ளிரவை எண்ணிப் பாருங்கள். மழை தூறியிருக்கிறது, ஏசி ஓடவில்லை, பம்புசெட் நிற்கிறது, ஆலைகளில் ஞாயிறு விடுமுறை. முப்பந்தலில் காற்று அள்ளுகிறது. எதையாவது குறைத்தாக வேண்டும். கூடங்குளம் அணு உலைகளை மணிக்கு ஒருதரம் ஏற்றி இறக்கி ஓட்டுவதில்லை. அனல் மின்நிலையத்தை 55 சதவீதம் வரை இறக்கலாம். முழுதாக அணைத்தால், குளிர்ந்த கொதிகலனைத் திரும்பச் சூடேற்றிக் கொண்டுவர அரை நாளுக்கு மேல் ஆகிவிடும், அதற்குள் மாலைத் தேவை வந்து நிற்கும். அணைகளில் தண்ணீரை நிறுத்தலாம், அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அதற்கு மேலும் மிஞ்சினால் காற்றாடிக்கு போன் போகிறது. தேவை குறைந்த நேரத்தில் நிறுத்தியது, மாலையில் வாங்கியது என்ற இரண்டு செய்திகளும் ஒரே நாளில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

இங்கேதான் கோபத்தின் நியாயமான பாதியும் வருகிறது. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் கட்டாயம் இடம் தர வேண்டும், தொகுப்பின் பாதுகாப்புக்காக அன்றி விலைக் கணக்குக்காக அவற்றைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பாதுகாப்பு என்று காரணம் காட்டிவிட்டு உண்மையில் செலவைப் பார்த்துத்தான் குறைக்கிறார்கள் என்பது உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகளாக ஒழுங்குமுறை ஆணையத்திலும் தீர்ப்பாயத்திலும் வைக்கும் வாதம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அந்த நேரத்து அதிர்வெண், தடத்தின் சுமை, காரணம் மூன்றையும் பொதுவில் எவரும் எளிதாகப் பார்க்கும்படி வெளியிட்டால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

இலங்கை காட்டிய பாடம்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமெல்லாம் அதையே பேசியது. ஒரு குரங்கால் ஒரு நாடு எப்படி இருளும் என்பதற்கான பதில் அந்த நேரத்தில் இருக்கிறது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. நல்ல வெயில், சோலார் உற்பத்தி உச்சத்தில். தொகுப்பின் பெரும் பங்கைச் சோலார் சுமந்ததால், கனமான சுழலிகள் கொண்ட மின்நிலையங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன.

கால் மிதி தையல் மிஷினின் பெரிய சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும், தையல் சட்டென்று அறுந்துவிடாது. அனல், நீர் மின்நிலையங்களின் பல டன் எடையுள்ள சுழலிகள் மின்தொகுப்புக்கு அந்தச் சக்கரம். எங்காவது அடி விழுந்தால் சமாளிக்கச் சில நொடி கொடுக்கும். சோலார் தகட்டில் சுற்றுவது எதுவும் இல்லை. சக்கரம் இலேசாக இருந்த அந்த நேரத்தில் சின்ன அடியே பெரிதாகப் பட்டது. அதனால்தான் அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கடைகளும் ஆலைகளும் மூடியிருக்கும் நாட்களில், மாடி சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. சோலார் கெட்டது என்று இதற்குப் பொருள் எடுத்தால் தவறு. மின்கலங்களும், சுழலியைப் போல உடனே தாங்கிக் கொடுக்கும் இன்வெர்ட்டர்களும் சோலாருக்கு ஈடாகக் கூடவே வளர வேண்டும். மன்னாரில் 30 காற்றாடிகளோடு நிற்கும் 100 மெகாவாட் தம்பபவனி, நம் முப்பந்தலைப் போல அதே பருவக்காற்றை நம்பி இருப்பது. பெரிய தொகுப்போடு இணையாத தீவு என்பதால் அவர்களுக்கு ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மை.

பேங்கிங் என்பது தொட்டி அல்ல

காற்றாலை மின்சாரத்தை 'பேங்க்' செய்கிறார்கள் என்று படித்துவிட்டு எங்கோ சேமிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணக்குப் புத்தகம் மட்டும்தான். சொந்தக் காற்றாடி வைத்திருக்கும் நூற்பாலை ஆடியில் கூடுதலாகக் கொடுத்த யூனிட்டை வரவு வைத்து, வேறு நாளில் கழித்துக்கொள்கிறது. ஆடியில் வந்த மின்சாரம் ஆடியிலேயே யாரோ செலவழித்து முடிந்தது. பிறகு திருப்பித் தரும்போது மின்வாரியம் அந்த நேரத்து விலையில் நிலக்கரி எரித்தோ வெளியில் வாங்கியோதான் கொடுக்க வேண்டும். வாரியம் பேங்கிங்கைக் குறைக்கப் பார்ப்பதும், ஆலைகள் விடாமல் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாடிகளுக்குப் பழையபடி ஆண்டு முழுவதற்குமான வரவு கிடையாது.

உண்மையான தொட்டி காடம்பாறையில்

கோவை மாவட்டம் ஆனைமலையில், 1980-களின் கடைசியில் வந்தது காடம்பாறை நிலையம். 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மலைக்குள் குடைந்த அறையில். மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கும் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத் தண்ணீரை மேலே ஏற்றும். தேவைப்படும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கும். ஏற்ற 100 யூனிட் செலவழித்தால் இறக்கும்போது 75, 80 யூனிட் திரும்பும். நஷ்டம்தானே என்று தோன்றும். நிறுத்தி வைத்த காற்றாடியில் இருந்து திரும்புவது பூஜ்யம் என்பதோடு ஒப்பிட்டால் அது நஷ்டமில்லை. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரித் திட்டம் வெகுநாளாக இழுத்துக்கொண்டே போனது. 20,000 மெகாவாட் தேவை உள்ள மாநிலத்துக்கு 400 மெகாவாட் தொட்டி மிகவும் சின்னது.

இரண்டாவது வழி, மிஞ்சியதை வெளியே அனுப்புவது. சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து புகளூர் வரும் 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டத் தடம் வடக்கில் இருந்து இங்கே மின்சாரம் கொண்டுவரத்தான் போடப்பட்டது. எதிர்த்திசையிலும் அதில் அனுப்பலாம். ஆடியில் நமக்கு மிஞ்சும்போது வடக்கே புழுக்கத்தில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இது நல்ல பொருத்தம்.

நல்ல இடத்தில் பழைய காற்றாடி

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. அந்தக் காலத்து இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். இன்று ஒரே காற்றாடி 3,000 கிலோவாட் தருகிறது. முதலில் வந்தவர்கள் காற்று அதிகம் உள்ள கணவாய் வாயிலையே பிடித்தார்கள். அதனால் ஆகச் சிறந்த காற்று இன்றைக்கும் ஆகப் பழைய, ஆகக் குட்டையான காற்றாடிகள் மேல் வீசுகிறது. இவற்றை மாற்றிப் பெரிதாக வைக்க 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. நிலம் பலர் பெயரில், காற்றாடி பலர் பெயரில், புதியதற்கு அதிக இடைவெளி வேண்டும், கம்பியின் கொள்ளளவு பழையதுதான் என்று சிக்கல் நிறைய.

நேரம் மாறுகிறது

கமுதியில் 2016-இல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் பண்ணை சுமார் 2,500 ஏக்கர். அங்கே நடுப்பகலில் தகட்டின் மேல் கை வைக்க முடியாது. தகடு 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் அளவில் குறைகிறது. 60 டிகிரியில் சுமார் ஏழில் ஒரு பங்கு போய்விடும். வெயில் கூடினால் சோலார் கூடும் என்று நினைக்கிறோம், வெளிச்சம்தான் வேண்டும், சூடு அல்ல. அப்படிக் குறைந்தும், இந்தியா முழுக்க நடுப்பகலில் கொட்டும் சோலார் மின்சாரம் சந்தையில் விலையை இறக்கிவிடுகிறது. சூரியன் சாய்ந்து ஒரு மணி நேரத்தில் அத்தனையும் மறைந்து, அதே நேரம் வீடுகளில் விளக்கும் ஏசியும் எரியத் தொடங்குகின்றன. காற்றாடி அதிர்ஷ்டவசமாகச் சீசனில் மாலையிலும் ஓடும், ஆனால் சீசனில் மட்டும்தான்.

காடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்களில் முன்பெல்லாம் இரவில் தண்ணீரை ஏற்றுவார்கள், ஏனென்றால் மிச்ச மின்சாரம் அப்போதுதான் இருந்தது. இப்போது மிச்சம் நடுப்பகலில். பம்புசெட்டுக்குப் பகலில் மும்முனை மின்சாரம், சோலார் நேரத்தில் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கட்டணக் குறைப்பு என்று 2023-ஆம் ஆண்டு மத்திய விதிகள் முதல் வயல் வரை எல்லாம் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. இரவு பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போன விவசாயி, காலை பத்து மணிக்குப் போகலாம். அவர் வயலில் அப்போது பாயும் தண்ணீர், கமுதியில் ஒரு தகட்டை நிறுத்தாமல் ஓட வைக்கிறது.